இரண்டு பெடல் போதும்

எந்தப் பொருளையும் நான் விசாரிக்காமல் வாங்குவதில்லை. மிக்ஸி வாங்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அது பதினோரு வருடமாக ஓடுகிறது. அதனால்தான் நீங்கள் காரின் பிரேக்கைப் பற்றிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரேக்கில் கோளாறு எதுவும் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்கள் எழுதும் அறிக்கையில், காரை சர்வீஸ் செய்த மெக்கானிக்கின் தலை உருளக் கூடாது. பாவம், பிள்ளைகுட்டிக்காரர். செய்யாத தவறை ஒருவர் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது.

என் தங்கையை வாலு என்றுதான் கூப்பிடுவோம். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. அதன்பின் அவளுக்குத் தலை வாரியது, பாடம் சொல்லிக்கொடுத்தது, காய்ச்சலில் விழித்திருந்தது எல்லாம் நான்தான். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் அவளுக்காகத்தான். அவள் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். போன வருடக் கடைசியில் அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிகளுக்குப் பரிசோதனைக் கருவிகள் விற்கும் வேலை. கம்பெனியே கார் கொடுக்கும். ஐந்து மாதத்தில் சேர வேண்டும், கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு லைசென்ஸ் எடுத்ததோடு சரி, அவள் அதன்பின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

“ரோட்டுல இறங்கவே பயமா இருக்குக்கா. கம்ப்யூட்டர்ல ரேஸ் ஓட்டுறதுக்கு ஸ்டியரிங் செட் இருக்காம். அதுல கொஞ்சம் பழகிக்கிறேன். நீயே பார்த்து வாங்கிடு. நான் போனா கலரைப் பார்த்துத்தான் வாங்குவேன்.”

நான் ஒன்பது நாள் படித்தேன். ஸ்டியரிங் எவ்வளவு விசையோடு கையை எதிர்க்க வேண்டும், பெடல் தரையில் நகராமல் இருக்க என்ன செய்ய வேண்டும், மேசையின் கனம் போதுமா, எல்லாம். பிறகு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று மூன்று பெடல், கூடவே கியர். மற்றதில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மட்டும்.

“நிஜக் கார் ஓட்டப் பழகத்தான்னா மூணு பெடல் எடுங்க மேடம்” என்றார் அவர். “ரெண்டு பெடல்ல இடது கால் சும்மா இருக்காது, தானா பிரேக்குக்குப் போயிடும். அப்புறம் கியர் கார்ல உக்காந்தா அதே கால் கிளட்ச்சைப் போய் மிதிக்கும். கிளட்ச்சை மிதிச்சா வண்டி நிக்குமா? கால் ஒருதடவை கத்துக்கிட்டா மறக்காது, பார்த்துக்குங்க.”

நன்றி சொல்லிவிட்டு இரண்டு பெடல் பெட்டியை வாங்கினேன். அதுவரை அவளுக்கு ஒரு சின்னப் பயம் காட்டினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அவ்வளவு தெளிவாக விளக்கியிருக்க வேண்டியதில்லை.

தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை பயிற்சி. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். இரண்டு பெடலுக்கு இரண்டு கால், இடது பிரேக், வலது ஆக்சிலரேட்டர் என்று சொல்லிக்கொடுத்தேன்.

“டிரைவிங் ஸ்கூல்ல இடது காலை வேற எதுக்கோ வச்சமாதிரி ஞாபகம்.”

“அது பழைய முறை.”

“சரிங்க மாஸ்டர். நாப்பது தடவை செத்துட்டேன், ஒரு டீயாவது கிடைக்குமா? நீ பக்கத்துல உக்காந்தா கார்கூட பயந்து நேராப் போகுதுக்கா.”

ஒரு மாதத்துக்குப் பிறகு அதை விளையாட்டாக்கினேன். அவள் சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று “பிரேக்” என்பேன். அவளுடைய இடது கால் சட்டென்று தரையை மிதிக்கும். இரண்டு பேரும் சிரிப்போம். ஒருநாள் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். தூக்கத்திலும் கால் மிதித்தது. அன்றோடு பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

கம்பெனிக் கார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கியர் கார். சமதெருவில் நன்றாகவே ஓட்டினாள். நான்கு முறை வண்டி அணைந்தது, பிறகு கிளட்ச் பழக்கம் திரும்ப வந்துவிட்டது. அமைதியாக இருக்கும்போது தலை சொல்வதைக் கால் கேட்கும். பதறும்போதுதான் கால் தன் இஷ்டத்துக்குப் போகும். “பார்த்தியா, அடுத்த ஞாயிறு நான் புது ஊர்ல இருப்பேன்” என்று சிரித்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகலாம் என்றேன். அங்கே சாலை இறக்கமாக இறங்கி, கிடங்குச் சுவரின் முன்னால் திரும்பும்.

இறக்கத்தின் பாதியில் “பிரேக்” என்று கத்தினேன்.

இடது கால் கிளட்ச்சை முழுதாக மிதித்தது. வலது கால் ஆக்சிலரேட்டரிலேயே இருந்தது. எஞ்சின் அலறியதாகக் கிடங்குக் காவலாளி உங்களிடம் சொன்னாரே, அது சரிதான். வண்டி வேகமெடுத்தது. “பிரேக் பிடிக்கலக்கா, பிடிக்கல” என்று கத்திக்கொண்டே இன்னும் அழுத்தி மிதித்தாள். கை பிரேக் என் பக்கத்தில்தான் இருந்தது. என் கைகள் மடியில் இருந்தன. கடைசி நொடியில், சுவர் என் பக்கம் வராதபடி ஸ்டியரிங்கைத் திருப்பினாள். அவள் பக்கம்தான் நசுங்கியது. எனக்கு நெற்றியில் மூன்று தையல். என்மேல் இவ்வளவு பாசம் வைத்திருப்பவள் என்னை விட்டுப் போயிருப்பாளா, சொல்லுங்கள்.

அவளுக்கு இடுப்பிலும் இரண்டு தொடையிலும் எலும்பு முறிவு. உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண், நான்கு மாதத்தில் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாம் என்றாள். காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை கால்களை மடக்கி நீட்ட வேண்டுமாம். நான் மூன்றோடு நிறுத்திவிடுகிறேன், அவளுக்கு வலிக்கிறதே. எழுதிக்கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. கம்பெனியிலிருந்து இரண்டு முறை அழைத்தார்கள், இடத்தை அவளுக்காகவே வைத்திருக்கிறார்களாம். வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவளிடம் எதுவும் கேட்காதீர்கள், களைத்துப்போவாள். நேற்று, “அக்கா, அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வையேன், தெருவாவது தெரியட்டும்” என்றாள். காற்று ஆகாது என்றேன். சரி என்றாள். அவளுக்கும் இங்கேயே இருக்கத்தான் விருப்பம் என்பது அப்போதுதான் எனக்கு உறுதியானது.