மூணாவது டைப்

— தப்பு. மறுபடியும் 'வில்' போட்டுட்ட ரூமி. 'இஃப் இட் ஹேட் ரெயின்ட்'னு ஆரம்பிச்சா பின்னால என்ன வரணும்?

— மழை வரணும்.

— லூசு. நான் இலக்கணம் கேக்குறேன்.

— சரி வுடு அபி. மழை பேஞ்சா வெங்காயம் வெளையும். இதுக்கு எதுக்கு மூணு டைப்பு? தமிழ்ல ஒரு 'ஆ' போட்டா முடிஞ்சுபோச்சு. பேஞ்சா, வந்தா, போனா.

— தமிழ்ப் பரிட்சைதான் முடிஞ்சுபோச்சே. நாளைக்கு இங்கிலீஷு. அரையாண்டுல நீ எவ்ளோ எடுத்தேன்னு ஊருக்கே தெரியும். கலைமணி மிஸ் சொன்ன பஸ் கணக்க நெனப்பு வச்சுக்க, போதும்.

— அவங்களுக்கென்ன, டெய்லி ஜெயங்கொண்டத்துலேருந்து பெரம்பலூர் வர்றவங்க. உலகமே பஸ்ஸாத்தான் தெரியும்.

— கிண்டலெல்லாம் அப்பறம். சொல்லு. ஃபர்ஸ்ட் டைப்?

— பஸ் வரும், நில்லு. 'வில்'.

— செகண்ட்?

— கனவுல வர்ற பஸ்ஸு. வந்தா நல்லாத்தான் இருக்கும். 'வுட்'.

— தேர்டு?

— உன் பேனாவக் குடு.

— ரூமி. தேர்டு?

— போயிருச்சு.

— முழுசா சொல்லுடி.

— பஸ் போயிருச்சு. இனிமே நின்னாலும் வராது. 'வுட் ஹாவ்'.

— பாரு, கேட்டா வருதுல்ல? அப்பறம் ஏன் வாக்கியத்துல மட்டும் தப்புத்தப்பா போடுற? சொந்தமா ஒண்ணு சொல்லு. உங்க வூட்டப் பத்தி… வேணாம், வேற எதாச்சும் சொல்லு. வெங்காயமே சொல்லு.

— ஏன், எங்க வூட்டுக்கு என்ன?

— ஒண்ணுமில்ல. லெப்பைக்குடிக்காடுன்னு இங்கிலீஷ்ல எழுதி முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிடும்.

— ஏண்டி அபிநயா, நோன்பு புடிச்ச புள்ளைய இப்படித் தொண்டத்தண்ணி வத்த கத்த வைக்குற? கண்ணு ருமைசா, பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிட்டாங்க, கேட்டியா? உள்ரூம்ல பாய் விரிச்சு வச்சிருக்கேன். செவுத்துல இருந்த சாமி படத்தக்கூட எடுத்து பீரோ மேல வச்சுட்டேன்.

— அல்லா, அதெல்லாம் எதுக்கு ஆன்ட்டி? உங்க சாமி கோவிச்சுக்கப் போவுது.

— அது ஒண்ணும் கோவிச்சுக்காது. நீ போ சாமி.

— அபி, நான் அஸர் தொழுதுட்டு வந்துடுறேன். வந்தொடனே வெங்காயத்துலேருந்து கேளு.

— கதவ சாத்திக்கிச்சா?

— சாத்திக்கிட்டா. என்னால முடியலம்மா. நான் சொல்லிடப் போறேன்.

— மெதுவா பேசுடி! வாயக் கீயத் தொறந்த, தெரியும்.

— பக்கத்துல உக்காந்து அவ மூஞ்சியப் பாக்குறது நான்தானே? முந்தாநேத்து, வேலைக்குப் போன தம்மாம்ல அவங்க அத்தா நெஞ்சுவலியில போயிட்டாரு. அங்கயே அடக்கமும் பண்ணிட்டாங்க. லெப்பைக்குடிக்காடு முழுக்கத் தெரியும், நம்ம தெருவுக்கே தெரியும். பெத்த புள்ள மட்டும் இங்க உக்காந்து 'இஃப்' போட்டுக்கிட்டு கெடக்குறா.

— நானா வேணும்னு செய்யுறேன்? அவங்க மாமு அப்துல் ஹாதி நம்ம வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்புட்டாருடி. 'மச்சான் அங்க அரபிக்காரன் இங்கிலீஷ்ல எது கேட்டாலும் தலைய ஆட்டி ஆட்டியே காலத்த ஓட்டுனாரு. எம்மவளாச்சும் வாயத் தொறந்து பதில் சொல்லணும்னு அத ஒண்ணத்தான் சொல்லிக்கிட்டே கெடந்தாரு. இதுல பெயிலாயிட்டா காலேஜ் போச்சு, அப்பறம் சொந்தக்காரங்க அதப் படிக்க விட மாட்டாங்க. இந்த ஒரு பரிட்சை முடியட்டும், நானே ஸ்கூல் கேட்டுல வந்து சொல்லிக் கூட்டிட்டுப் போறேன்'னாரு. நான் என்னத்த சொல்றது?

— அவங்க அம்மாவும் அதயேதான் சொன்னாங்களா?

— சுல்தானாவா? அது என்னத்த பேசுச்சு, போன்ல ஒரே விசும்பல். 'எம்புள்ள எழுதிட்டு வரட்டும்'னு மட்டும் சொல்லுச்சு. எனக்கு மட்டும் மனசு கல்லா? இன்னிக்கு விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு சஹர் சோறு ஆக்கிப் போட்டேன். அது திங்குறப்ப அடுப்பங்கரையில போயி நின்னுக்கிட்டேன், மூஞ்சியப் பாக்க முடியாம.

— நாளைக்கு கேட்டுல சொல்றப்ப அவ என்னைத்தான் பாப்பாம்மா. 'உனக்குத் தெரியுமாடி'ன்னு கேப்பா. ஆறாவதுலேருந்து ஒரே பெஞ்சு நாங்க. அதுக்கப்பறம் எங்கிட்ட பேசவே மாட்டா.

— பேசாட்டி போவட்டும். பாஸ் பண்ணிட்டு பேசாம இருக்கட்டும்.

— உனக்கு ஈசியா இருக்கு.

— இந்தா பாரு. வந்ததுலேருந்து அத்தா போன் பண்ணாரான்னு ஒரு தடவ கேட்டுச்சா அது? இல்லல்ல? படிப்பு நெனப்புல கெடக்கு. நீயா எதையும் கெளப்பி விடாத.

— அதான் எனக்கு பயமா இருக்கு. நோன்பு வந்தா தெனமும் அங்க நடுராத்திரில எந்திரிச்சு, இங்க இவள சஹருக்கு எழுப்பி விடுற மனுசன். படிக்க எடஞ்சல்னு மாமு போன வாங்கிட்டுப் போயிட்டாரு, சரி. அதுக்காக ஒரு வார்த்தகூடவா கேக்க மாட்டா?

— ஷ்ஷ், கதவு தொறக்குது. கண்ணத் தொடைச்சுக்க.

— என்ன அபி, கண்ணு செவந்து கெடக்கு?

— தூசி விழுந்துருச்சு.

— வெங்காயம் உரிச்சுக் குடுத்தா கண்ணு, அதான்.

— தூசியும் வெங்காயமுமா? சரி வுடுங்க. ஆன்ட்டி, எங்க தெருவுல அந்தக் கல்யாணம் முடிஞ்சிடுச்சாமா?

— எந்தக் கல்யாணம்?

— நேத்து சொன்னீங்களே, பக்கத்து வூட்டுல கல்யாணம், மைக்செட் சத்தத்துல படிக்க முடியாதுன்னுதான் மாமு என்னை இங்க கொண்டாந்து விட்டாருன்னு.

— ஆங், அதுவா! எங்க முடிஞ்சுது? இப்பதான் உங்க மாமு போன் பண்ணாரு. பந்தலென்ன பாட்டென்ன, கேக்காத. மத்தியானம் தெருவுக்கே பிரியாணின்னா பாத்துக்கயேன்.

— மத்தியானமா?

— ஆமா கண்ணு, தெருவே மணக்குதாம். ஒரே ஜனம். உங்க வூட்டுலகூட நிக்க எடமில்லையாம். நீ அங்க இருந்தா படிக்கவா முடியும்?

— முடியாதுதான் ஆன்ட்டி. அவ்ளோ ஜனத்துல எப்படி முடியும்? அம்மா எப்படி இருக்காங்களாம்?

— அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு. நான் போயி பள்ளிவாசல்ல கஞ்சி வாங்கியாறேன். நீ நோன்பு தொறக்குறதுக்குள்ள ஓடியாந்துடுறேன். ரெண்டு பேரும் படிங்க.

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. வா, வெங்காயத்துலேருந்து ஆரம்பி.

— வெங்காயம் வேணாம். நானே சொந்தமா ஒண்ணு சொல்றேன். தப்பிருந்தா திருத்து. 'இஃப் மை அத்தா ஹேட் கம் ஃபார் பெருநாள்…'

— ஏய்.

— '…ஐ வுட் ஹாவ் ஷோன் ஹிம் மை மார்க்.'

— ரூமி, அது தேர்டு டைப்டி. உங்க அத்தா பெருநாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காருல்ல? வர்றவருக்கு ஃபர்ஸ்ட் டைப்புதான். 'இஃப் ஹி கம்ஸ், ஐ வில்'னு மாத்து.

— இங்கிலீஷ் சரியா தப்பா? அத மட்டும் சொல்லு.

— மாத்துடி. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்.

— சரியா, தப்பா?

— …சரி.

— ஒரு தப்புகூட இல்லல்ல?

— இல்ல.

— அப்ப பாஸ் பண்ணிடுவேன்.

— ரூமி, நீ…

— நோன்பு மாசத்துல எங்க தெருவுல எவன்டி கல்யாணம் வைப்பான்? பட்டப்பகல்ல எவன் பிரியாணி திம்பான்? பாவம் உங்கம்மா. எனக்கு சஹர் சோறெல்லாம் ஆக்கத் தெரியுது, பொய் சொல்லத்தான் தெரியல. கல்யாணம் இல்லாம எங்க வூட்டுல நிக்க எடமில்லாம ஜனம் கூடுதுன்னா அது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். மாமு பேசுறாரு, அம்மா ஜம்முனு இருக்கு. அப்ப மிச்சம் யாரு?

— எப்பலேருந்து தெரியும்?

— நேத்து உங்கம்மா கல்யாணம்னு சொன்னப்பவே. அதான் அத்தா போன் பண்ணாரான்னு கேக்கல. மூணாவது டைப்பு எனக்கு நேத்தே நல்லாப் புரிஞ்சுருச்சு அபி. வாயிலதான் வர மாட்டேன்னுச்சு. அடக்கம் பண்ணிட்டாங்களா?

— ம். அங்கயே.

— சரி. வலிச்சுச்சாமா?

— தூக்கத்துலயேன்னு சொன்னாங்க.

— என்னை எழுப்பி விட்டுட்டுத்தான் படுத்திருப்பாரு. அன்னிக்கு நான் தூக்கக் கலக்கத்துல 'சரி அத்தா, வையிங்க'ன்னு வச்சுட்டேன். அவ்ளோதான் பேசுனேன்.

— வா ரூமி, எந்திரி. அப்பாவ வண்டி எடுக்கச் சொல்றேன். இப்பவே உங்க வூட்டுக்குப் போயிடலாம். பரிட்சை கெடக்குது, ஜூன்ல எழுதிக்கலாம்.

— வேணாம். அம்மா இத்தாவுல உக்காந்திருக்கும், அத்தா போனதுக்கு நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்ட முடியாது அதால. எம்புள்ள ஒண்ணும் தெரியாம நிம்மதியா எழுதிட்டு வருதுன்னு அந்த ஒரு நெனப்புலதான் உக்காந்திருக்கும். அதயும் புடுங்கிட்டா அதுக்கு என்னடி இருக்கு?

— எங்கிட்ட கோவமா?

— உங்கிட்ட என்ன கோவம்? எனக்கும் சேத்து உங்கண்ணுலதானே தூசி விழுந்துச்சு. அழுவாத. எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யி.

— சொல்லு.

— நாளைக்கு கேட்டுல மாமு சொல்றப்ப, நான் அப்பதான் கேக்குறவ மாதிரி அழுவேன். நீ பக்கத்துல வந்து நில்லு. எங்கம்மா பின்னால என்னிக்காவது உங்கிட்ட கேக்கும், ருமைசாவுக்கு முன்னாடியே தெரியுமான்னு. இல்லம்மா, எழுதிட்டு வெளிய வர்ற வரைக்கும் அவ பஸ் வரும்னுதான் நின்னுக்கிட்டிருந்தான்னு சொல்லிடு.