இருபத்தாறு கிலோ

அப்பா: இது வேண்டாம். கைப்பிடி ஆட்டம் காணுது.

மகள்: நீங்க தொட்டதெல்லாம் ஆட்டம் காணுதுப்பா. இது ஏழாவது பை.

அப்பா: முப்பத்தோரு வருஷம் விமான நிலையத்துல சரக்கு எடை போட்டவன் நான். எந்தப் பை எந்த மூலையில கிழியும்னு பாத்தாலே தெரியும்.

கடைக்காரர்: அப்ப நான் வாயைத் திறக்கல சார். இதைப் பாருங்க. உள்ள துணி கிடையாது, ஈரம் தங்காது. அடியில தண்ணி வடிய ஓட்டை. கடல்ல முங்கப் போறவங்க இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க.

அப்பா: மேல என்ன, மீன் படமா?

கடைக்காரர்: டிசைன் சார்.

அப்பா: டிசைன் இல்ல. உள்ள நல்ல சாமான் இருக்கு, எடுத்துக்கோங்கன்னு ஊருக்கே சொல்றது. படம் இல்லாததா குடுங்க.

மகள்: அப்பா, நாளைக்குக் காலையில பிளேன். ஞாபகம் இருக்கில்ல?

அப்பா: இருக்கு, இருக்கு. மூச்சு இழுக்கிற குழாயைக் கைப்பையில வெச்சுக்கோ. டார்ச் பேட்டரியும் கையில. மிச்சத்துக்கு இந்தக் கறுப்புப் பை போதும். உன் செட்டு பதிமூணு கிலோன்னுதானே சொன்ன? அந்தச் சாக்கைக் குடு, போட்டுப் பாத்துடலாம்.

மகள்: வேண்டாம்ப்பா, நானே...

அப்பா: ஆட்டோவுல இருந்தும் தூக்க விடல. என்ன, கிழவன் ஆயிட்டேனா? விடு... என்னம்மா இது?

மகள்: என்னது?

அப்பா: இது பதிமூணு இல்ல. இருபத்தாறு.

மகள்: கையில தூக்கினா அப்படித்தான் தெரியும்ப்பா.

அப்பா: எனக்கா?

கடைக்காரர்: தராசு இருக்கு சார், வெச்சுப் பாப்போம்... அடேங்கப்பா. இருபத்தாறு புள்ளி ஒண்ணு.

அப்பா: அந்தப் புள்ளி ஒண்ணு சாக்கு. இப்ப சொல்லு.

மகள்: அது... சிலிண்டர்.

அப்பா: சிலிண்டர் அங்கயே வாடகைக்குக் கிடைக்கும்னு நேத்து நீதான் சொன்ன.

மகள்: அப்ப... உடுப்பு சரியா காயல. தண்ணி.

அப்பா: பதிமூணு கிலோ தண்ணியா? சாக்கை அவிழ்.

மகள்: அப்பா, இங்க வேண்டாமே...

அப்பா: நானே அவுக்கறேன். கண்ணாடி ஒண்ணு... ரெண்டு. குழாய் ரெண்டு. காத்தடைக்கிற சட்டை ரெண்டு. யாரு அவன்?

மகள்: அவனா? ஐயோ, அப்பா...

அப்பா: கூட வர்ற உங்க அம்மாவுக்குத் தெரியுமா? தலையாட்டற... தெரியுமா? தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை... எனக்குத் தலை சுத்துது.

கடைக்காரர்: சார், இந்த ஸ்டூல்ல உக்காருங்க. குறுக்கப் பேசறேன்னு நினைக்காதீங்க... இந்த ரப்பர் ஷூ ஆம்பளை அளவு இல்ல. முப்பத்தாறு போட்டிருக்கு.

அப்பா: இப்படிக் குடுங்க.

மகள்: அப்பா, அதை வெச்சிடுங்க. நான் சொல்றேன்.

அப்பா: இடது குதிகால்ல மெத்தை வெச்சு ஒட்டியிருக்கு.

மகள்: ...ம்.

அப்பா: இந்த மெத்தையை நான் வெட்டினேன். வீட்டுச் செருப்புக்குன்னு கேட்டா. பழைய யோகா பாயில இருந்து நான்தான் வெட்டிக் குடுத்தேன்.

மகள்: மூச்சு விடுங்கப்பா.

அப்பா: உங்க அம்மாவா?

மகள்: ஆமாம்ப்பா.

அப்பா: செவ்வாயும் வியாழனும் முழங்காலுக்குப் பயிற்சின்னு போனாளே. நானே வண்டியில கொண்டுபோய் வாசல்ல விட்டேனே.

மகள்: அந்தக் கட்டடத்துக்குப் பின்னாடி நீச்சல் குளம் இருக்கு.

அப்பா: தலை நனைஞ்சு வந்தா. கேட்டதுக்கு ஆவி புடிச்சாங்கன்னா.

மகள்: முழங்கால் வலிக்கு யாருப்பா தலைக்கு ஆவி புடிப்பாங்க? ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் அதை நம்பினீங்க.

அப்பா: சிரிக்காதே. அம்பத்தி நாலு வயசு அவளுக்கு.

மகள்: காது, நெஞ்சு எல்லாம் பாத்துட்டு டாக்டர் எழுதிக் குடுத்துட்டார். பதினாறு அடி ஆழத்துல சம்மணம் போட்டு உக்காந்து எனக்குக் கை காட்டினாங்கப்பா. நானே பதறிட்டேன்.

அப்பா: கரையில உக்காந்து உன் துணிமணியைப் பாத்துக்கறேன்னுதானே என்கிட்ட டிக்கெட் போடச் சொன்னா.

மகள்: நீங்க வேண்டாம்னா அதேதான் செய்வாங்க.

அப்பா: என்ன?

மகள்: உங்களுக்குத் தெரியாம கடல்ல இறங்க மாட்டாங்களாம். நேர்ல கேக்கவும் வாய் வரல. நீ கேளு, அவர் ஒத்துக்கலைன்னா உனக்கு மட்டும் ஒரு பை வாங்கிட்டு வா, நான் புரிஞ்சுக்கறேன்னு சொன்னாங்க.

அப்பா: ஒத்துக்கிட்டா?

மகள்: அதைப் பத்திப் பேசவே இல்லப்பா. ஒரு பைக்குத்தான் தயாரா இருக்காங்க.

அப்பா: காலையில இருந்து கூடவே சுத்தறியே, ஏன் கேக்கல?

மகள்: பயம். பை பாத்து, ரெண்டு குறை சொல்லி, டீ குடிச்சு, நீங்க கொஞ்சம் குளிர்ந்ததும் கேக்கலாம்னு இருந்தேன். உங்க கையை மறந்துட்டேன்.

கடைக்காரர்: நான் வேணா டீ சொல்லவா சார்?

அப்பா: கொஞ்சம் பேசாம இருங்க. ரெண்டு பேரும்.

மகள்: அப்பா, கோவமா? அம்மா பொய் சொன்னது தப்புதான். ஆனா கல்யாணமான புதுசுல கடல்ல முழுகப் பாத்தவங்க, நீங்கதான் இழுத்துக் கரையில போட்டீங்கன்னு மாமாங்க இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. குளிக்கற தொட்டியைக் கண்டா கூட எங்க அக்காவுக்குப் பயம்னு கேலி பண்றாங்க. அந்த பயத்தை இந்த வயசுல ஒரு மனுஷி உதறிட்டு...

அப்பா: கடைக்காரரே.

கடைக்காரர்: சொல்லுங்க சார்.

அப்பா: இந்தக் கறுப்புப் பை இன்னொண்ணு இருக்கா?

கடைக்காரர்: பெரிசாவே இருக்கு சார். ரெண்டு செட்டும் ஒண்ணுலயே...

அப்பா: கூடாது. ஒரு பைக்கு இருபத்துமூணுதான் விடுவான். இதே அளவுல இன்னொண்ணு குடுங்க. கைப்பிடி கெட்டியா இருக்கணும், அவளுக்குத் தோள் வலி.

கடைக்காரர்: உள்ள இருக்கு சார். இதோ.

மகள்: அப்பா... நிஜமாவா?

அப்பா: நீ சொன்னதுல ஒண்ணு மட்டும் தப்பு. உங்க அம்மாவுக்குத் தண்ணின்னா எப்பவுமே பயம் கிடையாது.

மகள்: என்னப்பா சொல்றீங்க? அன்னிக்கு அம்மா முழுகப் போனாங்களே.

அப்பா: யாரும் முழுகல. இடுப்பளவு தண்ணியில நின்னு சிரிச்சுக்கிட்டே என்னை வான்னு கூப்பிட்டா. எனக்குக் காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. கரையில அவ தம்பிங்க பாத்துக்கிட்டு நிக்கறானுங்க. மாப்பிள்ளைக்குத் தண்ணின்னா பயம்னு தெரிஞ்சா... வெக்கம்மா. ஐயோ முழுகறான்னு கத்தி, கண்ணை மூடிக்கிட்டு நாலு எட்டு வெச்சு அவ கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்.

மகள்: கடவுளே... நீங்களா? அம்மா ஒண்ணும் சொல்லலையா?

அப்பா: என்னக்கா ஆச்சுன்னு தம்பிங்க ஓடி வந்தாங்க. அவ என் மூஞ்சியைப் பாத்தா. என்ன தெரிஞ்சுதோ... ஆமாடா, பயந்துட்டேன், இனிமே தண்ணிப் பக்கமே போக மாட்டேன்னு அவங்ககிட்ட சொன்னா. இருபத்தொம்பது வருஷமா போகல.