விழிக்காத மானிட்டர்

“ஆளு உள்ளதான் இருக்காரு, முகத்தத்தான் காட்ட மாட்டேங்குதுண்ணே.”

தங்கச்சிமடம் பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவரின் போனிலிருந்து வந்தது அந்தப் பெண்குரல். அவர் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். மடியில் ஒரு சி.பி.யூ. இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“வெளங்குற மாதிரி சொல்லு தாயி.”

“கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கணும். போட்டோவ ரெண்டாவது மானிட்டர்ல தொறந்து வச்சிருந்தேன். அது இப்ப முழிக்க மாட்டேங்குது.”

“கேபிளக் கழட்டி மாட்டுனியா?”

“மாட்டிட்டேன். முனையெல்லாம் உப்புக்காத்துல பச்சை புடிச்சுக் கெடக்கு.”

“தொடச்சு மாட்டு. மானிட்டர் பிளக்கையும் புடுங்கி, செத்த நேரம் விட்டுப் போடு.”

பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறியது.

“வரலண்ணே. சாயங்காலம் அடக்கம். வீட்டு ஆளுக கடை வாசல்லயே நிக்கிறாக.”

“முன்னாடி இப்படி ஆனதில்லயா?”

“அடிக்கடி ஆகும். பக்கத்துத் தெரு சேவியர் அண்ணே வந்து என்னமோ செய்வாரு, வந்துரும்.”

“அப்ப அவரக் கூப்புட வேண்டியதான? என் உயிர ஏன் எடுக்குற?”



“அவருக்குத்தாண்ணே பேனரு.”