கழுத்துமூடிச் சட்டையை ஆண்கள் அணியும் முறைகள்

வாங்கிலே பாதி, மணலிலே பாதியாய் வந்து அமர்ந்திருக்கும் இந்த வாசிகசாலை முற்றத்து அவைக்குத் தலைமை தாங்கி, ஊர் முன்னேற்றச் சங்கத்தைத் தன் தோளிலும் தன் சைக்கிளிலும் சுமந்து திரியும் பெரியவர் கோணாமலை அவர்களே. வெற்றிலைத் தட்டத்தோடு வீற்றிருக்கும் நிலக்காரப் போடிமார்களே, வயல் காத்த பெரியோர்களே. அடுப்பை அணைத்துவிட்டும் அணைக்க மறந்தும் வந்திருக்கும் அன்னையரே. வேலியோரம் நின்றபடி, இருப்பதா போவதா என்று இன்னும் முடிவெடுக்காத இளைஞர்களே. உங்கள் எல்லோருக்கும் களைத்துப்போன ஒரு பேச்சாளனின் கனிவான வணக்கம்.

களைப்பு என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. சமாதானம் வருகிறது என்று பேசினேன், தொண்டை கட்டியது. சமாதானம் போய்விட்டது என்று பேசினேன். என்னையே கட்டிக் கொண்டுபோகப் பார்த்தார்கள். கல்வி பற்றிப் பேசினால் ஒரு பகுதியார் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். காணி பற்றிப் பேசினால் மறு பகுதியார் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார்கள். ஆகவே சங்கத்தார் கூடி யோசித்து, எவருக்கும் நோகாத, எந்த முகாமும் எட்டிப் பார்க்காத ஒரு தலைப்பைத் தந்தார்கள். கழுத்துமூடிச் சட்டையை ஆண்கள் எந்தெந்த வேளையில் எப்படி அணிவது? சிரியுங்கள். பொழுதுபட முன் எல்லோரும் வீடு சேர வேண்டும்; அதற்குள் சிரிக்க முடிந்ததைச் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டையின் வரலாறு அவை அறிந்தது. மார்கழி வெள்ளத்தில் நாம் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிக் கிடந்தபோது, பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டிலிருந்து நிவாரணப் பொதி வந்தது. பாய் வரும், பால்மா வரும் என்று பார்த்திருந்தோம். பிரித்தால் சட்டை. அடுக்கடுக்காகச் சட்டை. ஆட்டுமயிரில் பின்னி, நாடியைத் தொடும் நீளக் கழுத்து வைத்த சட்டை. அனுப்பியவர்களைக் குறை சொல்வேனா? அவர்கள் ஊரில் அன்பு என்றால் கதகதப்பு. நம்முடைய வெயிலை அவர்களுக்கு யார் சொல்வது? வாங்கினோம், வணங்கினோம், வியர்த்தோம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். வயல் வட்டையிலே பரண் கட்டிக் காவல் கிடப்பவருக்கு இதைவிட நல்ல உடுப்பு கிடையாது. சாரத்தைக் கணுக்கால் மட்டும் இறக்கி, கழுத்தைக் காது மட்டும் இழுத்துவிட்டால், பனியும் தோற்கும், நுளம்பும் தோற்கும். தோணியில் போகிறவர்களுக்கு வேண்டாம்; நனைந்தால் ஆளைவிடச் சட்டை பாரம். கல்யாண வீட்டுக்கு இதிலேயே வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, தோளில் தொங்கும் சால்வை. போடியார் வல்லிபுரம் அவர்கள் தன் மகளின் கல்யாணத்துக்கு அப்படித்தான் வந்தார். தாலி ஏறுவதற்குள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவருக்குத்தான் எல்லோரும் விசிறினார்கள். என்ன போடியார், பொய்யா? ஓம், மெய்தான் என்கிறார். காணி அலுவலாய் அரசாங்கக் கச்சேரிக்குப் போவதென்றால் மேலே சேட்டு ஒன்றைப் போட்டு, மேல் தெறிகளைத் திறந்து, கழுத்து மட்டும் தெரிய விட வேண்டும். எழுதுவினைஞர் கதிரை தருவார். காணி தர மாட்டார். கோயிலிலே மேனியை மூடக் கூடாது. கழற்றி மடித்து அரையில் கட்டிக்கொள்ளுங்கள். சாவீட்டுக்கு எதை உடுத்தாலும் ஒன்றுதான். அங்கே போய்ப் போய்ப் பழகிவிட்டோம்.

இவ்வளவோடு முடித்துக்கொண்டு நான் போயிருக்கலாம். ஆனால் எவருக்கும் நோகாத தலைப்பு என்றோமே, அது முந்தாநாள் நொந்துவிட்டது. முன்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறாரே இரத்தினம்மா, அவர் மகன் கனகசூரியத்தைப் பற்றிச் சொல்கிறேன். மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு அவன் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். வைகாசி வெயிலில் ஊரே மேலாடையைக் கழற்றியிருக்க, குளிர் தாங்காமல் அவன் அந்தச் சட்டையைப் போட்டு, கழுத்தை நாடிவரை இழுத்துவிட்டான். உள்ளே, கறுப்பு நூலில், கண்ணகை அம்மன் கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் மந்திரம் எழுதி அடைத்து, ஓதிக் கொடுத்த அச்சரக்கூடு. அம்மன் குளிர்த்திச் சடங்கு முடியுமட்டும் கழற்றக் கூடாது என்று சொல்லித் தாய் கட்டியது.

இந்த வெயிலில் எதை மூடுகிறான் என்று சோதனைச் சாவடியில் கழுத்தைத் தடவினார்கள். கறுப்பு நூல், சின்னக் குழாய். நஞ்சுக் குப்பியைக் கழுத்தில் கட்டி இயக்கத்துப் பிள்ளைகள் திரிகிற காலம் இது. சிப்பாய் வேறு எதை நினைப்பான்? கழற்று என்றார்கள். இவன் கழற்றவில்லை, இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்தினான். இவனுக்கு அது பக்தி. அவர்கள் கண்ணுக்கு அது குப்பியைக் கடிக்கப் போகிற கை. அடித்து விழுத்தி, முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

வரிசையில் பின்னால் நின்றவர் துணி வியாபாரி அப்துல் கபூர் காக்கா. இதோ இங்கே இருக்கிறார். தன் புயத்தில் கட்டிய தாயத்தைக் காட்டி, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறார். கேட்கவில்லை. இன்று காலை மறுபடியும் முகாமுக்குப் போய், செய்தியோடு வந்தார். கட்டாடியாரும் ஊராரும் நேரே வந்து பொறுப்புச் சொன்னால் விடுவது பற்றிப் பார்க்கலாமாம். நாளைக் காலை மட்டுந்தானாம். அதன் பிறகு வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் திரும்பி வந்தவர் யார்? ஒரு பெயர் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

மத்தியானம் தலைவர் கேட்டார், நாளைக்கு யார் யார் வருகிறீர்கள் என்று. கட்டாடியார் கை தூக்கினார். மற்றவர்கள் எல்லோரும் மணலைப் பார்த்தோம். அப்போது இரத்தினம்மா சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது.

"எண்ட கையாலதான் கட்டினன். கழட்டாத மனே எண்டு நாந்தான் சொன்னன். எண்ட சொல்லக் கேட்டதாலதானே எண்ட புள்ள போயிற்றான்."

தாயே, காய்ச்சலுக்குக் கூடு கட்டியது குற்றமா? தாய் சொல் கேட்டது குற்றமா? குளிருக்குச் சட்டை போட்டது குற்றமா? உங்கள் கையில் பிழையில்லை. பிழை இந்தக் காலத்தில் கிடக்கிறது. காலத்தைத் திருத்த என்னால் முடியாது. இத்தனை வருடம் பேசியிருக்கிறேன். என் பேச்சால் ஒரு துவக்கு தாழ்ந்ததில்லை, ஒரு தடை திறந்ததில்லை. ஆகவே இன்று பேச்சை நம்பச் சொல்லவில்லை. சட்டையை நம்பச் சொல்கிறேன்.

தலைப்பில் இன்னும் ஒரு வேளை மிச்சம் இருக்கிறது. நாளைக் காலை முகாம் வாசலுக்குப் போகிறவர் அணியும் முறை. எல்லோரும் அதே சட்டை. கறுப்போ, சாம்பலோ, கத்தரிப்பூவோ, எது இருந்தாலும் சரி. இது ஒருவன் ஒளிந்துகொள்ளப் போட்ட சட்டை அல்ல, ஓர் ஊருக்கே தானமாய் வந்த சட்டை என்று நாம் வாய் திறக்காமலே தெரிய வேண்டும். கழுத்தை மடியுங்கள், மடித்ததை மறுபடி மடியுங்கள், தொண்டைக்குழி தெரியுமட்டும் மடியுங்கள். கூடு கட்டியவர் கூட்டை எடுத்து நெஞ்சின்மேல் விடுங்கள். கை கழுத்தருகே போகவே கூடாது. கடிக்கிற நுளம்பு கடித்துக்கொண்டே இருக்கட்டும்.

யாரது, வெக்கை தாங்காது என்கிறவர்? தாங்காதுதான். அதே சட்டையோடு, அதே காய்ச்சலோடு, அவன் மூன்றாம் நாளாகக் கிடக்கிறான். ஒரு காலைப்பொழுது நாம் தாங்கமாட்டோமா?

வேலியோரத்துத் தம்பிமாரே, நீங்கள் முன்னே வருவது தெரிகிறது. வேண்டாம். உங்களைக் கண்டால் உங்களையும் வைத்துக்கொள்வார்கள். உங்கள் சட்டைகளை மட்டும் தாருங்கள். நரைத்த தலைகள் நாங்கள் போட்டுக்கொண்டு போகிறோம்.

என்ன காக்கா, எழும்பிவிட்டீர்கள்?

"நானும் வாறன் சேர். எனக்கும் ஒரு சட்டை தாங்க."

கேட்டீர்களா? நம் பொதியில் பங்கே இல்லாத மனிதர் சட்டை கேட்கிறார். போடியாரும் எழும்புகிறார். அந்த வெள்ளைச் சட்டை இன்னும் இருக்கிறதா ஐயா? இருக்கிறதாம்.

என்னுடையதைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். பொறுங்கள், சேட்டுக்கு மேலேயே போடுகிறேன். இதோ கழுத்து. இதோ மடிப்பு. இதோ என் மனைவி கட்டிவிட்ட கூடு, வெளியே. இரத்தினம்மா, பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளையின் கழுத்தில் கிடப்பதுதான் என் கழுத்திலும் கிடக்கிறது.

பேச இடம் தந்த தலைவருக்கும், சட்டை தரப்போகும் தம்பிமாருக்கும், பொறுமையோடு கேட்ட தாய்மாருக்கும் நன்றி. எனக்குப் போட எடுத்த மாலையைத் திருப்பி வையுங்கள் தலைவரே. கனகசூரியம் வரும்வரை இந்தக் கழுத்தை எதுவும் மூட வேண்டாம். வணக்கம்.