எட்டுத் தராசு

ஸரூக்: …அதத்தான் சொல்றன் லெட்சுமி. இதை விடப் பெரிய சேர்வர் கம்பியூட்டர் பதுளையில எந்தக் கடையிலயும் இல்ல. தூக்குறதுக்கே மூணு பேர் வேணும்!

லெட்சுமி: தூக்குறதுக்கா வாங்குறோம், ஸரூக் நானா? எங்க கல்வி ஆபிஸ் மெயிலுக்கு.

ஸரூக்: மெயிலுக்குத்தான். மாகாணத்துல இருக்கிற பதினஞ்சாயிரம் டீச்சர்மாரும் எழுதட்டுமே. இதுக்குள்ள இருக்கிற ஒத்தப் பெரிய டிஸ்க்குல பத்து வருசத்துக்கு எடம் இருக்கு.

லெட்சுமி: எடம் இருக்கு நானா. ஆனா…

ஸரூக்: மொதல்ல டீயக் குடி. கோப்பைய அந்தப் பெட்டி மேல வை. என்ட கலியாணத்துக்குத்தான் வரல்ல, டீயாவது குடி.

லெட்சுமி: அன்னைக்குக் காய்ச்சல்னு சொன்னேனே! இங்க பாருங்க, காலைல ஏழரைக்கு அத்தனை பேரும் ஒண்ணா மெயில் தொறப்பாங்க. ஒத்த டிஸ்க் ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் எடுத்துக் குடுக்கும். இப்ப எங்க தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்கிற எடத்துல…

ஸரூக்: பெரிய தராசு ஒண்ணு வச்சா வரிசை நிக்கும். சின்னத் தராசு எட்டு வச்சா வரிசையே இல்ல. அதானே?

லெட்சுமி: இத நான் உங்ககிட்ட எப்ப சொன்னேன்?

ஸரூக்: யாரோ சொன்னாங்க… பிஸ்கட் எடு.

லெட்சுமி: யாரு?

ஸரூக்: அத விடு! எட்டு டிஸ்க்குல ஒண்ணு பழுதானா?

லெட்சுமி: மத்தது தாங்கும். ஒரு மெயிலும் தொலையாது. உங்க பெருசு பழுதானா?

ஸரூக்: பதினஞ்சாயிரம் பேரும் என்ட கடை வாசல்ல நிப்பாங்க.

லெட்சுமி: இங்க எதுக்கு வாறாங்க? என் வேலதான் போகும். தோட்டத்து லயத்துப் பொண்ணுகிட்ட குடுத்தா இப்பிடித்தான்னு ஆபிஸ்ல பேசுவாங்க.

ஸரூக்: யாரு பேசுறது? அவங்களுக்கு மவுஸ் புடிக்கத் தெரியாத காலத்துலயே இந்த ஸ்டூல்ல இருந்து புரோகிராம் எழுதினவ நீ!

லெட்சுமி: அதான் நானா கஷ்டமா இருக்கு. மூணு வருசம் உங்க கம்பியூட்டர்லதான் படிச்சேன்…

ஸரூக்: பின்ன என்ன? என்கிட்டயே வாங்கு.

லெட்சுமி: கோவிக்க மாட்டீங்களே?

ஸரூக்: நான் எப்ப கோவிச்சன்?

லெட்சுமி: காலைலயே ஓடர் குடுத்துட்டேன். பண்டாரவளையில ஒரு கடைக்கு. எட்டுச் சின்ன டிஸ்க். உங்க மூஞ்சியப் பாத்து நானே சொல்லணும்னுதான் வந்தேன்… வந்ததுல இருந்து வாயே வரல.

ஸரூக்: எந்தக் கடை?

லெட்சுமி: ஸ்டேசனுக்கு முன்னால, புதுசாத் தொறந்தது. போன்ல ஒரு அக்கா பேசினாங்க. தராசுன்னு சொன்னதும் டக்குனு புடிச்சிக்கிட்டாங்க. என்ன மூளை! உங்கள மாதிரி இல்ல.

ஸரூக்: ம்… கலியாணத்துக்கு வந்திருந்தா நஸ்லியாட கொரல் தெரிஞ்சிருக்கும். என்ட பொஞ்சாதிதான். கடையும் எங்கடதுதான். பத்து மணிக்கே போன் பண்ணித் தராசுக் கதையச் சொல்லிட்டா, டிஸ்க்க நான் இங்கயே எடுத்து வச்சிட்டன். நீ எப்ப வாயத் தொறப்பேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தன்… கோப்பையத் தூக்கு புள்ள, ஒன்ட எட்டு டிஸ்க்கும் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு.