டாக்டருக்கே தெரியாத மாத்திரை

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். தலையில் துணி கட்டியிருந்தவர் சொன்னார்:

"எனக்குக் குடுக்குற மாத்திரை என்னான்னு டாக்டருக்கே தெரியாதாம், மதினி."

நான் ஜன்னலிலிருந்து திரும்பிவிட்டேன்.

"தெரியாம எப்படிப் புள்ள குடுப்பாங்க?"

"மார்புல கட்டிய எடுத்தாச்சு. திரும்ப வராம இருக்க வழக்கமான மருந்து எல்லாருக்கும் உண்டு. அதோட, பாதிப் பேருக்குப் புது மாத்திரை. மீதிப் பேருக்கு அதே மாதிரி, மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு தெரிஞ்சா டாக்டரு பார்க்குற கண்ணு மாறிருமாம்."

"ஒனக்கு வெறும் மாத்திரையா இருந்தா?"

"இருக்கட்டுமே. வேணாம்னா எப்பவும் நிறுத்திக்கலாம்னாங்க. இந்தச் சோதனையில நானாத்தான் சேர்ந்தேன்."

"நம்மள வச்சா சோதிச்சுப் பார்க்கணும்?"

"எங்க அம்மா இந்த நோவுலதான் செத்துச்சு. இப்ப என்னையக் காப்பாத்துற மருந்த, முந்தி யாரோ ஒருத்தி சாப்புட்டுப் பார்த்திருக்கா. அவ பேருகூட எனக்குத் தெரியாது, மதினி."

தெமோதரை நெருங்கியபோது மதினி குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ஒரு கட்டி தட்டுப்படுது புள்ள. வலி இல்ல. அதான் யாருகிட்டயும் சொல்லல."

"எத்தன நாளா?"

"தீபாவளிக்கு முந்தியே."

தலைத்துணிக்காரர் திட்டவில்லை. மதினியின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"வாங்க. பதுளை ஆஸ்பத்திரில டாக்டர் மத்தியானம் வரைக்கும் இருப்பாரு."

இருவரும் தெமோதரையில் இறங்கினார்கள். தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஏறும் பாதைப் பக்கம் போகாமல், ரோட்டைக் கடந்து, பதுளை பஸ்ஸுக்குக் கை நீட்டினார்கள்.