தலையாட்டிய விருந்தோம்பல்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் விதோமிர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே, பெற்ற நெஞ்சம் பதைக்க ஆய்வறை வாசலில் காத்திருந்த தாய்மார்களே, எங்கள் ஆய்வுக்கு நெஞ்சையே திறந்து காட்டிய பிளோவ்திவ் நகரப் பெருமக்களே, வணக்கம்!

இதயத்தைப் படம் பிடிப்பவள் நான். ஒலி அலையை உள்ளே அனுப்பி, அது திரும்புவதைத் திரையில் பார்ப்பவள். அந்தத் திரை என்னைப் பதற வைத்த கதையைச் சொல்லட்டுமா?

கல்யாணங்களில் கிளாரினெட் ஊதும் ஸ்டாமென் படுத்திருந்தார். இதயத்தை விரட்டும் மருந்து சொட்டச் சொட்ட, அது வேகமாக ஓடத் தொடங்கியது. ஓடும் இதயத்தில்தானே ரத்தக்குழாய் அடைப்பு தெரியும்! கட்டிலருகே, டென்மார்க்கிலிருந்து ஆய்வுக்காக வந்த டாக்டர் யோர்கன். திரையோ என் பக்கம்.

"மூச்சைப் பிடிச்சுக்கோங்கண்ணே, படம் தெளிவா வரணும்," என்றேன்.

"என்கிட்டயா சொல்றே தங்கச்சி? மாப்பிள்ளை ஊர்வலம் முடியிறவரைக்கும் பிடிப்பேன்!"

பிடித்தார். யோர்கன் நம் மொழியில் தட்டுத்தடுமாறிக் கேட்டார்: "நெஞ்சு வலிக்குதா?"

ஸ்டாமென் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

அப்படி ஆட்டினால் நம் ஊரில் என்ன பொருள்? அதோ, அந்த அம்மா சொல்கிறார், "இல்லை" என்று! யோர்கனுக்கும் அதைத்தான் கற்றுக் கொடுத்திருந்தோம். வலி இல்லை என்று நினைத்து அவர் மருந்தைக் கூட்டினார்.

தலை "இல்லை" என்கிறது. திரையிலோ இதயச் சுவரின் ஒரு பக்கம் அசையவே இல்லை! சுருங்க மறந்த சுவர் சும்மா சொல்லுமா? படமெடுப்பவள் மருத்துவர் முடிவில் தலையிடக் கூடாது என்பது எங்கள் ஆய்வின் விதி. விதியாவது வெங்காயமாவது!

"நிறுத்துங்க! மருந்தை நிறுத்துங்க!"

நிறுத்தினார். மாற்று மருந்தை ஏற்றினார். இருவரும் திரையையே பார்த்து நின்றோம். சுவர் மெல்ல, மிக மெல்ல அசைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றே அடைப்பையும் நீக்கினார்கள்.

மறுநாள் கேட்டேன்: "வலிக்கலைன்னு ஏண்ணே தலையாட்டுனீங்க?"

"வலிக்குதுன்னுதாம்மா ஆட்டினேன்! டாக்டர் நம்ம விருந்தாளி. மேலும் கீழும் ஆட்டினா அவர் ஊர்ல 'ஆமா'ன்னு அர்த்தமாம்; அவர் ஊர் முறையில ஆட்டுறதுதானே மரியாதை?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அந்த மரியாதை அவர் உயிரையே கேட்டதே, பெரியோர்களே! தலைக்கு ஊர் உண்டு. நாவுக்கு நாடு உண்டு. நெஞ்சத்தின் சுவருக்கு ஏது எல்லை? அது வலித்தால் நின்றுவிடுகிறது, எந்த விருந்தாளிக்காகவும் மாறி ஆடுவதில்லை!

முன்வரிசையில் இருக்கும் ஸ்டாமென் அண்ணே, அடுத்த படத்துக்கு வருவீங்களா? ஐயையோ, தலையை ஆட்டாதீங்க! வாயைத் திறந்து சொல்லுங்க!

"வர்றேன் தங்கச்சி!"

கேட்டீர்களா? இந்தக் குரல் இன்றும் ஒலிக்கிறதே, அது போதும் எனக்கு. உங்கள் ஒவ்வொரு நெஞ்சத்துக்கும் நன்றி, வணக்கம்!